மரத்துக்கு மிகுதி, காந்தத்துக்கு மிச்சம்

நம் தமக்கை மகன் தனக்கென்று ஒரு மின்கிதார் செய்விக்க முனைந்திருக்கிறான். கடையில் தொங்குவதை வாங்காமல், மரம் முதல் திருகாணி வரை தானே தேர்ந்து, கைவினைஞர் ஒருவரிடம் சொல்லிச் செய்விப்பது. முதல் வேலையில் ஈராண்டு சேர்த்த பணம் அது. அவன் நீட்டிய கணக்குத் தாளைக் கண்டபோதுதான் இதை எழுதும் எண்ணம் பிறந்தது. உடலுக்கு மஹோகனி, அதன்மேல் அலையலையாய் வரியோடிய தடித்த மேப்பிள், விரற்பலகைக்கு ஈட்டி என்று பணத்தில் முக்கால் பங்கை மரமே விழுங்கியிருந்தது. பிக்கப் என்பதற்கு நேரே "மிச்சத்தில் கிடைப்பது" என்று எழுதியிருந்தான். "மரத்துலதான் மாமா குரலே இருக்கு" என்பது அவன் கட்சி.

நம் தொழில் தமிழ் கற்பித்தல். தச்சும் மின்னியலும் நாம் முறையாகப் பயின்றவை அல்ல. எனினும் மாணவப் பருவந்தொட்டு கிதாரோடு பழகி வரும் உரிமையில் சொல்கிறோம்: அந்தத் தாள் தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது.

மின்சாரம் வேண்டாத கிதாரில் மரமே குரல் என்பது மெய். கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியே மேற்பலகைக்கு இறங்குகிறது. பலகை காற்றை அசைக்கிறது. நாம் கேட்பது பலகையை. பலாமரத்தில் குடைந்த வீணைக் குடத்துக்கும் இது பொருந்தும். மின்கிதாரின் செய்தி வேறு. அங்கே கம்பிகளுக்கு அடியில் காந்தங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித் தலைமயிரின் பருமனே உடைய செம்புக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது. எஃகுக் கம்பி அக்காந்தப் புலத்தில் அசையும்போது சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த உண்மைதான் இது. சுருள் அறிவது கம்பியின் அசைவை. மரத்தை அது நேரே அறிவதில்லை. முன்னதற்குரிய உண்மையைப் பின்னதற்கு ஏற்றிக் கூறுவதால் வந்த மயக்கமே நம் மருமகனுடையது.

வரலாறும் இதற்குச் சான்று. ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கிதாரின் உடலில் மரமே இல்லை. அலுமினிய வார்ப்பு; மடியில் கிடத்தி வாசிப்பது; தோற்றத்தால் 'வாணலி' என்றே பெயர் பெற்றது. லெஸ் பால் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் நான்கு அங்குலச் சதுரமான பைன் கட்டையில் கம்பி கட்டி வாசித்தார். பின்னர் அதன் இருபுறமும் பழைய கிதாரின் பாதிகளை ஒட்டினார். அது ஓசைக்காக அன்று, பார்ப்போர் கண்ணுக்காக. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் ஆஷ் மரத்தில் தொடங்கி, 1956 வாக்கில் ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஆல்டருக்கு மாற்றினார். ஆஷின் திறந்த துளைகளை அடைத்து மெருகிடும் தொல்லை ஆல்டரில் இல்லை. இன்று விளம்பரங்கள் ஆல்டருக்குச் சூட்டும் அடைமொழிகளைப் படிக்கையில், பொருள் தெரியாத செய்யுளுக்கு 'இனிமை', 'நயம்' என்று பக்கம் நிரப்பும் தேர்வுத்தாள்கள் நமக்கு நினைவு வருகின்றன.

அப்படியானால் மரம் வீணா? இல்லை. எடை முதற்செய்தி. லெஸ் பால் வகைக் கிதார் நான்கு கிலோவைத் தாண்டும். இரண்டு மணி நேரம் தோளில் மாட்டி நிற்பவனுக்கு அது தெரியும். கழுத்து அதைவிட முதன்மையானது. நன்கு உலராத மரமாயின் சென்னையின் ஈரக்காற்றில் வளையும். கம்பி உயர்ந்து சுருதி பிசகும். சில கழுத்துகளில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஒலி சட்டென்று செத்துவிடுவதும் உண்மையே. ஆகவே மரத்துக்கென்று பணமிருந்தால் அது கழுத்துக்குப் போகட்டும். மார்பில் பதிக்கும் வரியோடிய மேப்பிள் அழகு. அழகுக்கு விலை கொடுப்பதில் நமக்குப் பிணக்கில்லை.

ஈட்டியைப் பற்றி மட்டும் சற்று மனத்தாங்கல் உண்டு. உலகக் கிதார்களின் விரற்பலகையில் 'இந்திய ரோஸ்வுட்' என்று போற்றப்படுவது நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் நம் ஈட்டிதான். மெல்ல வளரும் மரம். கண்மூடி வெட்டப்பட்ட மரம். 2017 தொடக்கத்தில் அதன் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. சட்டம் தளர்ந்ததால் மரம் பெருகிவிடவில்லை. விரற்பலகைக்கு மேப்பிளும் ஆகும்.

இனிப் பிக்கப்புக்கு வருவோம். ஒற்றைச் சுருள் தெளிவானது, கூர்மையானது. ஆனால் சுவர்க் கம்பிகளில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் இரைச்சலையும் சேர்த்தே கேட்கும். கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து அவ்விரைச்சலைத் தமக்குள்ளேயே அழித்துவிடச் செய்கிறது. நம் மருமகன் குடியிருப்பது பழைய வீட்டின் மாடியறை. மின்விசிறியைப் போட்டாலே ஒலிபெருக்கி முனகுகிறது. அவனுக்கு எது தேவை என்று சொல்லவும் வேண்டுமோ? ஒரே பிக்கப்பைக் கழுத்தருகே வைத்தால் திரண்ட ஒலி, பிரிட்ஜருகே வைத்தால் மெலிந்து கூரிய ஒலி. அதன் உயரத்தைத் திருகாணியால் ஏற்றி இறக்கினாலும் குரல் மாறும். அதற்குச் செலவே இல்லை.

நம்மிடம் இருபது ஆண்டுகளாக இருக்கும் கிதாரின் உடல் வெறும் ஒட்டுப்பலகை. ஒரு மாலையில் அதன் பிக்கப்புகளை மட்டும் மாற்றினோம். அடுத்த அறையிலிருந்து மனைவி வந்து, புதிதாக வாங்கியது எவ்வளவு என்று கேட்டார்.

இதனையும் மருமகனிடம் வாசித்துக் காட்டினோம். தாளைத் திரும்ப எழுதினான். இரண்டு ஹம்பக்கர்கள் மேலே ஏறின, மஹோகனி ஆல்டராயிற்று, தடித்த மேப்பிள் மெல்லிய ஒட்டுத் தகடாகக் குறைந்தது. அதை முழுதும் விட அவனுக்கு மனமில்லை. எதற்காக என்ற இடத்தில் 'ஓசை' என்றிருந்ததை அடித்து 'அழகு' என்று எழுதினான். விரற்பலகைக்கு நேரே இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது.