எலும்பு சொல்வது வேறு

பிராய்லர் எலும்பு பல்லில் பட்டாலே நொறுங்குகிறது, வெந்தால் கறுக்கிறது, தீவனத்தில் கொட்டும் பாஸ்பேட்டே காரணம் என்று மும்பை மாட்டுங்காவிலும் தாராவியிலும் கறி வாங்குவோர் பேசும் வாதம் தலைகீழானது. பாஸ்பேட் தருவது பாஸ்பரஸ்; கோழி உடலிலுள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ 80 விழுக்காடு எலும்பில்தான் இருக்கிறது. அது குறைந்தால் குஞ்சு தீனி எடுக்காது, எடை ஏறாது, கால் வளையும். மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் பாஸ்பரஸ் உண்டு. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்னும் சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் பைட்டேஸ் நொதி கோழிக் குடலில் போதிய அளவு இல்லை. அதனால்தான் பல்லடத்துத் தீவனத்திலும் டைகால்சியம் பாஸ்பேட் சேர்கிறது. கறுப்புக்குக் காரணம் வேறு: இளம் எலும்பு நுண்துளை மிக்கது. உறையவைத்து வேகவைக்கையில் மஜ்ஜையின் ரத்த நிறமி வெளியே கசிந்து கறுக்கிறது.

நாட்டுக்கோழிக்கு இதெல்லாம் தேவையா என்பார்கள். அது மெல்ல வளர்கிறது, புழு பூச்சியும் கொத்துகிறது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ சுமக்கும் கால்களோடு அதை ஒப்பிடலாகாது. அப்படியானால் அள்ளிக் கொட்டலாமா? கூடாது. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் 1994 பரிந்துரை, முதல் மூன்று வாரத்துக்கு 1 விழுக்காடு கால்சியம், பைட்டேட் அல்லாத பாஸ்பரஸ் 0.45 விழுக்காடு. பிறகு அந்தப் பாஸ்பரஸ் 0.35 ஆகக் குறைகிறது. இந்தக் கால்சியம்-பாஸ்பரஸ் விகிதம் பிசகினாலும் எலும்பு கெடும், மிச்சப் பாஸ்பரஸ் எச்சத்தோடு போய் நீர்நிலையைப் பாழாக்கும். கேட்க வேண்டியது பாஸ்பேட் ஏன் என்றல்ல. பைட்டேஸ் சேர்த்து அதை எவ்வளவு குறைத்தீர்கள் என்பதே சரியான கேள்வி.