வாயைக் கட்டினால் போதுமாம்!

2024 ஏப்ரலில், பம்மலில் ஒரு மருத்துவமனைக்கு உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகப் போன புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். அதைக் காட்டி, ‘வாயைக் கட்டத் தெரியாதவர்கள்தான் வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள், மாமல்லபுரம் கடற்கரையில் தினமும் நடந்தால் போதாதா?’ என்கிறார்கள். அந்த மரணம் எழுப்பும் கேள்வியே வேறு. அவசர நிலையைச் சமாளிக்க அங்கே என்ன வசதி இருந்தது? விசாரணைக்குப் பின் அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள். நோயாளியின் நாக்கை ஏன் குற்றக்கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

இந்த அறுவைக்கு முடிவெடுத்தவர்கள் சொல்லும் காரணங்களில் அழகு கடைசியில்தான் வரும். நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது. செங்கல்பட்டில் ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு பேர் காசு கேட்பது. திருக்கழுக்குன்றத்தில் வீட்டார் மலையேற, அடிவாரத்தில் செருப்புக்குக் காவல் இருப்பது. (‘நீ இங்கயே இரும்மா’ என்பதில் பாசமும் உண்டு, அதுதான் கொடுமை.)

நடை நல்லதுதான். ஆனால் எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டும், எரிக்கும் கலோரியைக் குறைக்கும். வைராக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘ஸ்லீவ்’ எனும் எடைக் குறைப்பு அறுவையில் இரைப்பையில் சுமார் 80 விழுக்காடு அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போகிறது. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 27.5 இருந்தாலே இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்.

ஆபத்தே இல்லை என்று யார் சொன்னது? ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரையும் உண்டு. இதைச் சோம்பேறியின் குறுக்குவழி என்பவர், ஒரு கல்யாணப் பந்தியில் நாலு கவளத்தோடு எழுந்து காட்டட்டும்.