வில்லி லோமன் பொய் சொல்வான், மேடை சொல்லாது

"நாடகம்னா வசனம்தாங்க. மத்ததெல்லாம் தச்சு வேலை, லைட்டு வேலை." இந்தப் பல்லவியை இன்னும் எத்தனை நாளைக்குத்தான் கேட்டுக்கிட்டு இருக்கிறது? அதுவும் ஆர்தர் மில்லரோட 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' பத்திப் பேசும்போது இதைச் சொன்னா எனக்குக் கோபமே வருது. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதை எல்லாம் தாண்டிக் குதிச்சுப் படிச்சுட்டு, "வில்லி ஒரு வாய்ச்சவடால் பேர்வழி, அவனுக்கு எதுக்கு துன்பியல் நாயகன் பட்டம்?"னு தீர்ப்பும் எழுதிடறாங்க.

வாய்ச்சவடால்தான் சாமி, யார் இல்லைன்னா? ஆயிரத்து இருநூறு குரோஸ் வித்தேன்னு ஆரம்பிப்பான். மனைவி லிண்டா பென்சிலும் பேப்பருமா கணக்குப் போட உட்கார்ந்ததும் இருநூறுக்கு இறங்குவான். அவன் வாயை நம்ப முடியாதுங்கறதுதானே கதையே? அப்போ உண்மையை யார் சொல்றது? மேடைதான் சொல்லுது.

திரை விலகினதும் பாருங்க. சுத்தி அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருக்கிட்டு நிக்குது, நடுவுல ஒரு நோஞ்சான் வீடு. ரெண்டு பெரிய சாம்பிள் பெட்டிகளைச் சுமந்துக்கிட்டு வில்லி வர்றான். அதுக்குள்ள என்ன சரக்குன்னு கடைசி வரைக்கும் மில்லர் சொல்ல மாட்டார். நமக்குத் தெரியறது பாரம் மட்டும்தான். அவன் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே களைப்பு வந்து நின்னாச்சு.

1949-ல நியூயார்க் மொராஸ்கோ அரங்கத்துல எலியா கசான் இயக்கி இது முதல்ல மேடையேறினப்போ, ஜோ மீல்சினர் போட்ட வீடு சட்டம் மட்டும் நிக்கிற ஒரு கூடு. இன்னிக்கு நடக்கிற காட்சின்னா எல்லாரும் வாசல் வழியாத்தான் வரணும். பழைய நினைப்புன்னா சுவர் இருக்கிற இடத்தை ஊடுருவி நடக்கலாம். நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல வில்லி மனசுல இருந்த சுவர் இடிஞ்சு போச்சுங்கறதை எந்த வசனம் இவ்வளவு சுருக்கமா சொல்லும்? 'அவன் தலைக்குள்ளே'ன்னு அர்த்தம் வர்ற தலைப்பைத்தான் மில்லர் முதல்ல யோசிச்சிருந்தார்.

லிண்டா கிழிஞ்ச ஸ்டாக்கிங்கைத் தைச்சா வில்லி எரிஞ்சு விழுவான். ஏன்னா பாஸ்டன்ல இன்னொருத்திக்குப் புது ஸ்டாக்கிங் கொடுத்தவன் அவன். குத்த உணர்ச்சியை அவன் வாயைத் திறந்து ஒத்துக்கவே மாட்டான். ஆனா அந்த ஊசியும் நூலும் அவனைக் காட்டிக் கொடுத்துடும்.

கடைசியில, ராத்திரி நேரத்துல, வெயிலே படாத கொல்லையில டார்ச் வெளிச்சத்தை வெச்சுக்கிட்டு கேரட் விதை போடறான். பாக்கெட்டைப் படிச்சுப் படிச்சு இடைவெளி அளக்கிறான். வாய், செத்துப்போன அண்ணன் பென்கிட்ட 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் பத்திக் கணக்குப் பேசுது. கை பயிர் வைக்குது. சாகப் போறவன் விதைக்கிறான்யா! வசனத்தை மட்டும் படிச்சா அவன் பைத்தியம். அந்தக் கையையும் பார்த்தா, பிள்ளைங்களுக்கு எதையாவது விட்டுட்டுப் போகத் தவிக்கிற அப்பன்.

"ஷேக்ஸ்பியருக்கு ஏதுய்யா செட்டு?"னு ஒருத்தர் கட்டாயம் வருவார். வாங்க. மேடைப் படிமம்னா செட்டுன்னு யார் சொன்னது? கொலை செய்ய இருட்டைக் கூப்பிட்டவ லேடி மேக்பெத். அஞ்சாவது அங்கத்துல அவளே எப்பவும் பக்கத்துல வெளிச்சம் வேணும்னு உத்தரவு போட்டுட்டு, மெழுகுவத்தியோட தூக்கத்துல நடக்கிறா. வெறும் மேடைதான். அந்த ஒரு மெழுகுவத்தியிலயே அவ பயம் மொத்தமும் தெரியுது.

நம்ம தொழில்ல, கோடுல இருக்கிற கமெண்ட்டை எல்லாம் தூக்கிட்டாலும் புரோகிராம் ஓடும். நாடகத்துல அடைப்புக்குறியைத் தூக்கினா ஓடாதுங்க, அதுவும் புரோகிராம்தான். வில்லி உலகத்துக்குக் காட்ட ஆசைப்பட்ட பொய் முகத்தை மட்டும் பார்த்துட்டு அவனுக்கே தீர்ப்பு சொல்றது அநியாயம்.

சண்டைக்கு யார் வேணா வரலாம். ஆனா அடைப்புக்குறியையும் படிச்சுட்டு வாங்க :-)