கண்ணாடியின் பின்னே ஒரு கதை

ஓவியத்துக்குக் கதை வேண்டுமா என்னும் வினா நம் கலை வட்டாரங்களில் அடிக்கடி எழுகின்றது. கதை சொல்வது இலக்கியத்தின் தொழில். நிறமும் கோடும் வடிவமுமே ஓவியத்துக்கு உரியன என்று வாதிப்போர் உளர். அந்நெறியிற் பயின்று, பின்னர் அதனைக் கடந்து சென்ற கே. ஜி. சுப்பிரமணியனின் கலைவாழ்வு இவ்வினாவுக்கு விடையாக அமைகின்றது.

1924இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பொருளியல் கற்றார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1944இல் சாந்திநிகேதனம் சேர்ந்து நந்தலால் போஸ் முதலியோரிடம் ஓவியம் பயின்றார். பின்னர்ப் பரோடாவில் ஆசிரியரானார். அறுபதுகளில் அவர் தீட்டியவற்றுட் பல, வீட்டுப் பொருள்களையும் சாளரங்களையும் வடிவக் கூறுகளாகப் பகுத்துக் காட்டியவை. 1971இல் வங்கதேசப் போர் அவரை உலுக்கியது. சுடுமண்ணைக் கையிலெடுத்து, பதக்கம் பூண்ட படைத்தலைவர்களையும் சிதைந்த உடல்களையும் புடைப்புருவங்களாக வடித்தார். எழுபதுகளின் இறுதியிற் பழைய கண்ணாடி ஓவிய முறையைக் கைக்கொண்டார். தேவியரும் குரங்குகளும் அயல்வீட்டுப் பெண்களும் அவர்தம் படங்களிற் கதைமாந்தராக உலவலாயினர்.

கண்ணாடி ஓவியம் நம் நாடுகளுக்குக் கடல்வழி வந்த கலை. பதினெட்டாம் நூற்றாண்டிற் சீன வாணிகத்தோடு இந்தியக் கரையை அடைந்து, தஞ்சாவூர் ஓவியர் கையில் நம்முடையதாயிற்று. அதன் முறையோ தலைகீழானது. பார்ப்பவர் கண்ணுக்கு முன்னே நிற்கும் அணிகலனையும் கண்மணியையும் முதலில் தீட்டல் வேண்டும், மேனி நிறம் அடுத்து, பின்புலம் இறுதியில். இடமும் வலமும் மாறித் தோன்றும். மேலே பூசிப் பிழையை மறைக்க வழியில்லை. ஆகவே சொல்லவேண்டியது யாதென முன்னரே தெளிந்தவனுக்கே அது வசப்படும். சுப்பிரமணியன் பழமைப் பற்றினால் மட்டும் அதனை நாடினார் என்பது பொருந்தாது. மண்ணும் கண்ணாடியும் தரும் நேரடித்தன்மை அவருடைய கதைகளுக்குத் தேவைப்பட்டது.

திருகோணமலைக்கும் இதற்கும் யாது தொடர்பு எனலாம். நம் துறைமுகத்தை வரையும் இளைஞர் பலர் அந்தி வானத்தையும் வள்ளங்களையும் சுவாமி மலையையும் அழகுறத் தீட்டுகின்றனர். ஆனால் அப்படங்களில் எவருக்கும் எதுவும் நிகழ்வதில்லை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கரை இது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியக் குண்டுகள் வீழ்ந்த துறை இது. 1964இன் சூறாவளியையும் 2004இன் ஆழிப்பேரலையையும் நீண்ட போரையும் கண்ட மக்கள் இங்குள்ளனர். இத்தனையும் நிகழ்ந்த கடலை வெறும் நீல நிறமாகக் காட்டுதல் போதுமா?

சுப்பிரமணியனைப் பார்த்தெழுதுமாறு நாம் கூறவில்லை. அது மற்றொரு அடிமைத்தனமாகும். கலைக்கல்வி தரும் ஆசிரியர்களை ஒன்று வேண்டுகின்றோம்: கரைவலை இழுக்கும் முதியவரிடமும் இடம்பெயர்ந்து மீண்ட தாயிடமும் மாணவரை அனுப்புங்கள், கேட்டதைத் தீட்டச் சொல்லுங்கள். ஒரு கண்ணாடித் துண்டுக்குப் பெருஞ்செலவாகாது. சொல்ல அறிந்த முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.