சூத்திரத்தை நாமே எழுதிப் பார்ப்போம்

நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்காவும் றொபேர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய 'ஆர்' கணினி மொழி இலவசமாகவே கிடைக்கின்றது. முதலீட்டு ஆபத்தைக் கணிக்கும் ஆயத்தப் பொதிகளும் அதில் ஏராளம். ஆயினும் அடிப்படைச் சார்புகளை மாணவர் தாமே எழுதிப் பழகவேண்டும் என்பேன்.

இரு பங்குகள், ஒவ்வொன்றினதும் ஆண்டு வருவாயின் நியம விலகல் 20 சதவீதம். பணத்தைச் சரிபாதியாகப் பிரித்து இடுகின்றோம். இணைபுக் குணகம் 0 எனில் மொத்த விலகல் ஏறத்தாழ 14 சதவீதமாகக் குறையும். 1 எனில் 20 சதவீதத்திலேயே நிற்கும். 1952இல் ஹரி மார்க்கோவிட்ஸ் கணிதமாக்கிய உண்மை இது. நான்கைந்து வரிகளில் எழுதிவிடலாம்.

எழுதியவருக்கே, முடிவு எந்த எண்ணில் தங்கியுள்ளது என்பது புரியும். 2008 நெருக்கடியில் பங்குகள் ஒருசேரச் சரிந்தன. பழைய இணைபுகளை நம்பிய கணிப்புகள் கைகொடுக்கவில்லை. பொத்தானை அழுத்த மட்டுமே தெரிந்தவர், பிறரது ஓய்வுகாலச் சேமிப்புக்கு ஆலோசனை கூறலாமா?