பிழைத்த பிள்ளைகளின் கணக்கு

2005இல் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலும் குழந்தைகள். செத்தவர்களை அரசு எண்ணியது, பத்திரிகைகள் எண்ணின. பிழைத்து வீடு வந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அது தலைப்புச் செய்தி ஆகவில்லை.

வடக்கத்திக் கதைதானே என்று ஒதுக்க வேண்டாம் தோழர்களே. இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், நம் வேலூர் வட்டாரத்தில்.

வைரஸ் தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே அது மூளைவரை போகிறது. போனால் பத்தில் மூன்று பேர்வரை சாகிறார்கள். பிழைத்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குப் பாதிப்பு நிரந்தரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைகால் விளங்காமல் போகும், பேச்சு நின்றுபோகும், வலிப்பு திரும்பத் திரும்ப வரும். நல்லாயிட்டான் என்று நம்பிய பிள்ளைக்குப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் எழுத்து ஏறவில்லை என்று தெரியும். வாத்தியார் 'மக்கு' என்பார். ஊர் 'சாமி குத்தம்' என்னும்.

இந்தக் கொசு முட்டையிடுவது நெல்வயல் தண்ணீரில். வைரஸ் பெருகுவது கொக்கிடமும் பன்றியிடமும். பழி மட்டும் பன்றி வளர்க்கிற சேரிக்கு! வயல் யாருடையது? அந்தத் தண்ணீரில் இறங்கி நாற்று நடுவது யார்?

வலிப்பு வருகிற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் நடவுக்குப் போவாள்? போகாவிட்டால் அடுப்பு எரியாது. கடைசியில் மூத்த பெண்பிள்ளை படிப்பை விட்டுக் காவல் இருக்கிறாள். ஒரு காய்ச்சல், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போச்சு.

2006 முதல் தடுப்பூசி வந்தது. நோய் பரவும் மாவட்டங்களில் ஒன்பதாம் மாதம் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று, இலவசம். நல்லது. ஆனால் ஏற்கெனவே விழுந்த பிள்ளைக்கு ஊசி பதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அறிவுத்திறன் குறைபாடும் பேச்சுக் குறைபாடும் உண்டு. 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. அந்தச் சான்றுக்கு அலைகிற ஒவ்வொரு நாளும் ஒருநாள் கூலி போகிறது.

வலிப்பு மாத்திரையும் கைகால் பயிற்சியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும், சான்று வழங்கும் முகாம் சேரிக்கே வர வேண்டும் என்று கேட்போம். அதுவரை படித்த நாம் சும்மா இருப்பதா? அவரவர் தெருவில் இப்படிப் பிழைத்து முடங்கிய பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். அந்தத் தாயோடு மருத்துவமனைக்குப் போங்கள். மனு எழுதுங்கள். அரசு மூடிய கணக்கை நாம் திறப்போம்.