பாட்டன் காலத்து டிராக்டருக்கு ஈயம் வேண்டுமா?

டிராக்டர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது டீசல் புகையும் தடதடக்கும் ஓசையுமாகத்தான் இருக்கும். நம் வயல்களில் உழும் டிராக்டர்கள் ஏறக்குறைய எல்லாமே டீசலில் ஓடுபவை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை வேறு. பெட்ரோலிலோ, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயிலோ ஓடும் டிராக்டர்களே அங்கு மிகுதி. அவற்றுள் பெயர் பெற்றது ஃபெர்குசன் டி.இ.20. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. எவரெஸ்டில் ஏறிய எட்மண்ட் ஹில்லரி, இதே வகை டிராக்டர்களில் சக்கரங்களைச் சுற்றிப் பட்டைகளைப் பூட்டி, பனியின் மேல் ஓட்டிச் சென்று 1958 ஜனவரி 4-இல் தென் துருவத்தை அடைந்தார் என்றால் இதன் உறுதியை எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கிழ டிராக்டர்களை இன்றும் பலர் அருமையாகப் போற்றி ஓட்டுகிறார்கள். பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டபோது அவர்களுக்கு ஓர் அச்சம் பிடித்துக்கொண்டது. ஈயம் இல்லாவிட்டால் பழைய எஞ்சின் கெட்டுவிடுமோ என்பதே அது. அந்த அச்சத்தைப் போக்கச் சிறு சிறு புட்டிகளில் மாற்று மருந்துகளும் கடைக்கு வந்தன. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் இதையும் கொஞ்சம் ஊற்ற வேண்டுமாம்.

பெரும்பாலான பழைய டிராக்டர்களுக்கு இந்தப் புட்டி தேவையே இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

முதலில், பெட்ரோலில் ஈயம் எதற்காக வந்தது? எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. எவ்வளவு இறுக அமுக்குகிறோமோ அவ்வளவு ஆற்றல் கிடைக்கும். ஆனால் அளவுக்கு மேல் அமுக்கினால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்து எஞ்சினை இடிக்கும். இதைத் தடுக்கும் பொருளைத் தேடிய அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, 1921-இல் டெட்ரா எத்தில் ஈயத்தைச் சோதித்து வெற்றி கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த தொழிற்கூடங்களில் தொழிலாளர்கள் ஈய நஞ்சால் மாண்டார்கள். ஆயினும் விற்பனை சிறிது காலம் நின்று மீண்டும் தொடர்ந்தது.

நம் டிராக்டருக்கு வருவோம். ஃபெர்குசனின் பெட்ரோல் எஞ்சின் கலவையைச் சுமார் ஆறில் ஒரு பங்காகத்தான் அமுக்குகிறது. இக்காலக் கார்களில் இது பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் போகிறது. ஆகவே இடிப்பைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ஆக்டேன் எண் அதற்குக் குறைவாக இருந்தாலே போதும். இன்று பிரிட்டனில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலின் எண் 95. கிழவருக்கு இது தேவைக்கு மிஞ்சிய விருந்து.

ஆனால் ஈயம் யாரும் எதிர்பாராத இன்னொரு வேலையையும் செய்தது. அச்சத்துக்குக் காரணம் அதுதான். எரிந்த புகையை வெளியேற்றும் வால்வு, வார்ப்பிரும்பில் கடைந்த ஒரு வட்ட விளிம்பின் மேல் வந்து உட்காருகிறது. அதை வால்வின் இருக்கை என்பார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் அந்த வால்வு 1,000 முறை திறந்து மூடும். வெப்பத்தில் பழுத்த வால்வு இருக்கையில் அறையும்போது, இரண்டும் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டிக்கொள்கின்றன. மறுபடி திறக்கும்போது இருக்கையிலிருந்து இரும்புத் துணுக்கு பிய்ந்து வருகிறது. எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் மாவு ஒட்டிப் பிய்வதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? எரிந்த பெட்ரோலிலிருந்து படிந்த ஈயச் சேர்மங்கள் அந்த எண்ணெயைப்போல இடையே ஒரு மெல்லிய படலமாக நின்றன. படலம் போனால் இருக்கை அரிபடும். வால்வு உள்ளே அமிழும்.

இது கற்பனை அல்ல, உண்மையான நோய்தான். ஆனால் யாருக்கு வரும் நோய்? மிகுந்த வேகத்தில், மிகுந்த சுமையோடு, நெடுநேரம் ஓடும் எஞ்சினுக்கு வருவது. ஃபெர்குசன் போன்ற டிராக்டர் நிதானமாகச் சுற்றுவது. இன்று கண்காட்சிக்கும் புல்வெட்டுக்கும் போய்வரும் வண்டிக்கு அந்தச் சுமையும் இல்லை. மேலும், மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடவென்றே செய்த மாதிரிகளும் இருந்தன. அவை பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் அந்த எண்ணெய்க்கு மாறி நாளெல்லாம் உழுதவை.

இதே அச்சம் ஒரு காலத்தில் பெரிய வழக்காகவே எழுந்தது. 1985-இல் அமெரிக்க அரசு, ஈயப் பெட்ரோலில் காலனுக்கு 1.1 கிராம் வரை அனுமதித்திருந்த ஈயத்தை 1986 முதல் 0.1 கிராமாகக் குறைக்க முடிவு செய்தது. பண்ணை எஞ்சின்கள் என்னாகும் என்று கேள்வி எழுந்தது. மறுதட்டில் இருந்தது என்ன தெரியுமா? குழந்தைகளின் மூளை! 1976-க்கும் 1980-க்கும் இடையே பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, அமெரிக்க மக்களின் இரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. எனினும் உழவரின் கேள்வியை யாரும் தள்ளிவிடவில்லை. எஞ்சின்களை ஓட்டிப் பார்த்தே விடை கண்டார்கள். 1987-இல் வெளியான அந்த ஆய்வில், உயர்ந்த வேகத்தில் ஓடிய லாரி வகை எஞ்சினில் இருக்கை கடுமையாக அரிபட்டது. மெதுவாக ஓடும் பழைய டிராக்டர் எஞ்சின்களில் பெரிய தொல்லை இல்லை. உழவரின் அச்சம் வெறும் மூடத்தனம் அன்று என்பதும் இதனால் தெரிந்தது. எல்லா எஞ்சினுக்கும் அது பொருந்தாது என்பதும் தெரிந்தது.

புட்டி மருந்து ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அதில் பொட்டாசியம், சோடியம், மாங்கனீசு, பாஸ்பரஸ் ஆகியவற்றுள் ஒன்றின் சேர்மம் இருக்கும். வேகமாக ஓட்டும் பழைய காருக்கு அது பயன்படும். ஆனால் நோய் இருக்கிறதா என்று பாராமல் மருந்து குடிப்பானேன்? பார்ப்பதற்கு வழியும் எளிது. இருக்கை அரிபட்டு வால்வு அமிழ்ந்தால், நம் ஊர் மெக்கானிக் 'டேப்பெட் இடைவெளி' என்பாரே, அது குறைந்துகொண்டே வரும். இன்று ஒரு முறையும், ஐம்பது மணி நேரம் ஓட்டியபின் ஒரு முறையும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி அளந்தால் போதும். இடைவெளி மாறவில்லையென்றால் புட்டிக்குச் செலவிடும் காசு மிச்சம். அடிக்கடி குறைந்தால், எஞ்சினைப் பிரிக்கும்போது கடினமான எஃகு வளையத்தை இருக்கையாகப் பொருத்திவிடலாம்.

உண்மையில் கிழ டிராக்டர்களுக்கு இப்போது தொல்லை தருவது பெட்ரோலில் இல்லாத ஈயம் அல்ல, இருக்கும் எத்தனால்தான். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாய்களையும் தக்கை அடைப்புகளையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நாளடைவில் நீரோடு சேர்ந்து டாங்கியின் அடியில் தங்கும். அங்கே துருப் பிடிக்கும். ஈயப் புட்டிக்குக் காசு தேடும் அன்பர், முதலில் குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றட்டும். குளிர்காலத்தில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்துமுன் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துக் காலி செய்யட்டும்.